பெண்கள் பக்கம்

ஏப்ரல் 12, 2023 – புதன்

கடையில் கூட்டமே இல்லை. வெயில் ஏறிவிட்டால் கண்ணமங்கலத்தில் மாத்திரையைவிட உப்புச்சர்க்கரைப் பொட்டலம்தான் அதிகம் விற்கும். சாயந்திர பஸ்ஸில் சந்தவாசல் வந்து சேர்ந்தேன். தமிழரசி, எனக்குத் 'தமிழ்', முன்பே வந்து குளித்துவிட்டு மொட்டை மாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மலையில் இன்று கோமாரி ஊசி முகாம். ஒரு மாடு உதைத்ததில் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருக்கிறது. நான் மனிதர்களுக்கு மருந்து கொடுக்கிறவள், அவள் மாடுகளுக்கு ஊசி போடுகிறவள். அடிபட்டு வருவது எப்போதும் அவள்தான்.

ஐஸ் ஒத்தடம் வைத்தேன். "மெதுவாடி. அந்த மாடே பரவால்ல" என்றாள்.

உள்ளே வந்தபோது டிவியில் செய்தி ஓடியது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாமா என்ற வழக்கை அடுத்த வாரத்திலிருந்து உச்ச நீதிமன்றம் விசாரிக்கப் போகிறதாம். தமிழ் சத்தத்தைக் கூட்டினாள். அதே நொடியில் நான் ஜன்னலைச் சாத்தினேன். ஒருவரை ஒருவர் பார்த்து சிரித்துவிட்டோம்.

ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஊருக்கு நாங்கள் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு உத்தியோகப் பெண்கள். ஊர் அதற்குமேல் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து கடைசிப் பாட்டுக்கு முன்னால் என் தம்பி பிரவின்ராஜ் எழுந்தான். சபைச் செயலாளர் என்ற முறையில் ஒரு சுற்றறிக்கை வாசித்தான். ஒரே பாலினத்தாரின் திருமணத்தைச் சட்டமாக்கக் கூடாது, அது வேதத்துக்கும் குடும்பத்துக்கும் விரோதம், குடியரசுத் தலைவருக்கு மனு அனுப்புகிறோம், சபையார் எல்லாரும் கையெழுத்திட வேண்டும்.

நான் கீபோர்டுக்குப் பின்னால் இருந்தேன். அடுத்து ஜெபதுரை போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார். என் விரல் தப்பான கட்டையில் விழுந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. யாரும் கவனிக்கவில்லை, சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் பிரவின் ஒரு கட்டுத் தாளை என் கையில் வைத்தான். "பொம்பளைங்க கையெழுத்த நீ வாங்கிடுக்கா. எல்லாருக்கும் உன்ன தெரியும், நீ போனா மறுபேச்சு பேச மாட்டாங்க."

வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்? 'முடியாது' என்று சொல்ல வாய் திறந்தேன், 'சரிடா' என்று வந்தது. அவ்வளவுதான். வேறு காரணம் எழுதினால் பொய்.

ஏப்ரல் 17, திங்கள்

தாள்களைத் தமிழ் பார்த்துவிட்டாள்.

"நீயே வாங்கிட்டு வந்தியா? நம்மளப் பத்தின பேப்பர, நீயே?"

"கைல குடுத்துட்டான். அத்தன பேர் எதிர்ல இன்னா செய்யச் சொல்ற?"

"ஒண்ணும் செய்ய வேணாம். மலையில ஒரு மாடுகூட புடிக்காத ஊசின்னா உதைக்குது டெல்சி."

சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் எடுத்துப் போகவில்லை. கொண்டுபோய் வைத்தேன். குடித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

ஒரே ஒரு வீட்டுக்குப் போனேன். ஜூடியின் வீடு. ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். அவள் கல்யாணத்தில் மணப்பெண் உள்ளே வரும்போது வாசித்தவள் நான். இந்த சபையில் நடந்த எந்தக் கல்யாணத்தில்தான் நான் வாசிக்கவில்லை?

ஜூடி மனுவை விரலால் தடவிப் படித்தாள். "எனக்குப் புரியலடி. அவங்க யாரோ கல்யாணம் பண்ணிக்கிட்டா நம்ம குடும்பம் கெட்டுப் பூடுமா? எங்கூட்டு மனுஷன் அதெல்லாம் எதுவும் இல்லாமயே நல்லா கெடுத்து வெச்சிருக்காரு." சிரித்தாள். அப்புறம் பேனாவைக் கேட்டாள். "நீ கொண்டாந்திருக்க, தப்பா இருக்காது. நீ எங்க போட்டிருக்க? அதுக்குக் கீழ போடறேன்."

என் கையெழுத்து அதில் இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இன்னாச்சுடி?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். அவளுக்குத் தெரியும், அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது.

ஏப்ரல் 22, சனி

கர்த்தாவே, நாளைக்கு எனக்கு வாய் வரட்டும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு அங்கி மாற்றும் அறையில் போதகரிடம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஏம்மா, ஒரு பேர்கூட இல்லியே?"

"நான் யார் கையிலயும் வாங்கல ஐயா."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இதுல எழுதியிருக்கிறது என்னைப் பத்திங்க ஐயா. அதனால என்னால முடியாது."

வெளியே பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிப் பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது இல்லாத அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ரொம்ப வயதானவராகத் தெரிந்தார்.

"உன்கூட இருக்கிற அந்த... மாட்டு டாக்டரம்மாவா?"

"ஆமாங்க ஐயா."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வேதவசனம் சொல்வார் என்று நினைத்தேன். "ஏம்மா என்கிட்ட சொன்ன? நீ சொல்லாம இருந்திருந்தா நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லையே" என்றார். ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில்.

அவருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. இது என்ன கூத்து.

வீட்டுக்கு வந்து தமிழிடம் சொன்னேன். அவள் என் தலையைத் தன் மடியில் சாய்த்து, சீப்பை எடுத்துச் சிக்கு எடுக்க ஆரம்பித்தாள். சிக்கே இல்லை. வெகுநேரம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 29, சனி

கண்ணமங்கலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பொதுக்கூட்டம், 'குடும்பப் பண்பாட்டைக் காப்போம்' என்று. மைக் சத்தம் கடை அலமாரியில் இருந்த பாட்டில்களை அதிர வைத்தது. மேடையில் பிரவின் இருந்தான். வெள்ளைச் சட்டை, கட்சித் துண்டு. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க அவனுக்கு ஆசை உண்டு. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் மறுபடி மறுபடி பார்த்தேன். போன வருஷம் நெல்லிவாசல்நாட்டில் ஒரு மலைக்கிராமத்துக்கு நாங்கள் கிறிஸ்துமஸ் ஜெபக்கூட்டத்துக்குப் போனபோது, ஜீப்பை மறித்து, மதம் மாற்ற வந்தீர்களா என்று திருப்பி அனுப்பிய அதே ஆட்கள். இன்று அவர்களும் என் தம்பியும் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் எங்கள் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போய்விட்டார்கள்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். மனுவில் அக்காவின் பேர் ஏன் இல்லை என்று அவன் இன்னும் கேட்கவில்லை. கேட்பான்.

ஏப்ரல் 30, ஞாயிறு

காலையில் போதகர் போன் செய்தார். "கமிட்டில பெரியவங்க ரெண்டு பேருகிட்ட மட்டும் பேசினேம்மா, உன் தம்பிக்கு இன்னும் தெரியாது. வாசிக்கிற வேலையில இருந்து கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோ." இனி பாட்டுக்கு செல்போனில் பதிந்த ராகத்தைப் போடுவார்களாம்.

போகவில்லை. எல்லா ஞாயிறும் அவசர அவசரமாக இட்லி விழுங்கிவிட்டு ஓடுகிறவள், இன்று மேசையில் உட்கார்ந்திருந்தேன். விரல்கள் தானாக மேசைமேல் நடந்துகொண்டிருந்தன. தமிழ் அதைப் பார்த்தாள். தட்டை வைக்க வந்தவள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, நான் முடிக்கிற வரைக்கும் நின்றிருந்தாள்.

மே 3, புதன்

பிரவின் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"இன்னாக்கா இது? ஊரு பூரா கையெழுத்து வாங்கறேன், எங்க அக்கா பேரு இல்லன்னு சிரிக்கறானுங்க. நம்ம சபை ஐயரக் கேட்டா, உங்க அக்காவையே கேளுங்கறாரு."

சொன்னேன். இரண்டே வாக்கியம். அவன் முகம் சின்ன வயதில் ஜுரம் வரும்போது மாறுமே, அந்த மாதிரி மாறியது.

"மேடையில நிக்கறவன் நானு. கொஞ்சமாச்சும் நெனச்சியா?"

"யார் கூட நின்ன? நம்ம ஜெபத்த நிறுத்துனவங்க கூட."

"அது அரசியல்."

"அப்ப இது?"

அவன் தமிழ் பக்கம் திரும்பினான். இத்தனை நாள் வாய் நிறைய 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டவன். "நீங்க படிச்சவங்க. வேற வூடு பாத்துக்கிட்டுப் போனா எல்லாருக்கும் நல்லது."

தமிழ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இவ போகச் சொன்னா நாளைக்கே போறேன் தம்பி. நீங்க சொல்லி போவ மாட்டேன்." என்னைப் பார்த்தாள். "போவட்டுமா?"

என்ன கேள்வி இது! கோபத்தில் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா? கரண்டியைக் கீழே வைக்க மறந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தெரிந்தது, உண்மையாகவே கேட்கிறாள்.

"போவாத" என்றேன். தம்பி எதிரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதை அவன் பார்த்தான். போய்விட்டான்.

மே 4, வியாழன்

அம்மா போனை எடுக்கவில்லை.

மே 11, வியாழன்

அம்மா இன்றும் எடுக்கவில்லை. டெல்லியில் விசாரணை முடிந்து தீர்ப்பை ஒத்தி வைத்திருக்கிறார்கள்.

மே 20, சனி

தமிழின் அப்பா தங்கவேல் வந்தார். பேச்சு அவர் கிராமம் வரைக்கும் போய்விட்டது. மோட்டார் பைக்கை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ போட உள்ளே போனேன்.

"இன்னான்னமோ சொல்றாங்கம்மா. நீயே சொல்லு" என்றார் மகளிடம். "நீ அல்லேலூயாவுக்கு மாறிட்டியா?"

"இல்லப்பா."

"குலதெய்வத்துக்கு மொட்ட போட வருவியா?"

"எப்பப்பா வராம இருந்திருக்கேன்?"

"அப்ப சரி." டீயை ஊதி ஊதிக் குடித்தார். பைக்கிலிருந்து ஒரு பை சாமை அரிசியும் புளியும் கொண்டுவந்து வைத்தார். படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "எம்பொண்ணு கோவக்காரி. நீதாம்மா பாத்துக்கணும்" என்றார்.

அவர் புரிந்துகொண்டாரா, புரியாமல் பேசினாரா என்று இரவு முழுக்க எங்களுக்குள் விவாதம். "எங்கப்பாவுக்கு எல்லாம் புரியும். வேண்டியத மட்டும் கேப்பாரு" என்கிறாள் தமிழ்.

ஜூன் 4, ஞாயிறு

இன்று திருவிருந்து, போதகர் கையால் அப்பமும் ரசமும் வாங்கும் ஞாயிறு. போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "அது உன் சாமி. நீ எதுக்கு விட்டுக்குடுக்கற?" என்று தமிழ்தான் மடிப்பு பிடித்துவிட்டாள்.

பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டுக்கு செல்போன் ராகம் ஓடியது. சபை ஒரு பக்கம், ராகம் ஒரு பக்கம். பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

பந்திக்குப் போய் முழங்காலிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருவர் சற்று நகர்ந்துகொண்டார். போதகர் அப்பத்தட்டோடு வரிசையாக வந்தார். என் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தேன். வெறும் கையோடு எழுந்து எப்படி நடப்பது, எந்தக் கால் முதலில் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பம் உள்ளங்கையில் விழுந்தது.

ஜூடி பிற்பகல் போன் செய்து சொன்னாள். கமிட்டியில் இரண்டு பேர் போதகரை வளைத்துக்கொண்டு, டெல்சிக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்டார்களாம். "அது என் பந்தி இல்லப்பா. நான் பரிமாறுறவன்" என்றாராம்.

ஜூடி இன்னொன்றும் சொன்னாள். "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" கோபமாகத்தான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம். அழுதுவிட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள்! ஒன்றரை மாதத்துக்குப் பிறகு.

நலம் விசாரிக்கவில்லை. நேராக, "அந்தப் பொண்ணு ஞானஸ்நானம் எடுத்துக்குமா?"

"அம்மா, இங்க பிரச்சன அது இல்லம்மா."

"எனக்கு அதாண்டி பிரச்சன. மத்தது எனக்குப் புரியவும் இல்ல, நான் நெனச்சுப் பாக்கவும் மாட்டேன். நாளைக்கு நியாயத்தீர்ப்புல நீ ஒரு பக்கம் அவ ஒரு பக்கம் நின்னா, நான் எந்தப் பக்கம் பாக்கறது?"

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் இரண்டு பேரையும் தேடப் போகிறாள்.

செப்டம்பர் 9, சனி

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை நீக்கி இரண்டு வாரமாகிறது. பிரவின் மனைவி வேலைக்குப் போகிறவள், பகலில் சொட்டு மருந்து விட ஆளில்லை. "பொண்ணு வூட்டுக்குப் போறேன்" என்று அம்மாவே சொல்லிவிட்டாளாம். பிரவின் ஆட்டோ வைத்து அனுப்பினான். அவன் வரவில்லை.

தமிழ் ஒரு வாரம் லீவு போட்டாள். நான் கேட்கவே இல்லை.

முதல் நாள் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "தொறங்கம்மா. கன்னுக்குட்டிகூட இவ்ளோ அடம் புடிக்காது" என்றாள் தமிழ். எங்கள் அம்மா மதலேனாள் டீச்சரைக் கன்றுக்குட்டியோடு ஒப்பிட்டு யாரும் உயிரோடு போனதில்லை. அம்மா திடுக்கிட்டு கண்ணைத் திறந்தாள். அந்த நொடியில் சொட்டு உள்ளே.

"கை ஆடல" என்றாள் அம்மா பிறகு என்னிடம். "உன் கை ஆடும்."

போகிற நாள் தாண்டியும் அம்மா போகவில்லை. பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. இல்லை என்றுவிட்டார்கள். ஐந்து நீதிபதிகள். திருமணம் அடிப்படை உரிமை ஆகாது, சட்டம் கொண்டுவருவது நாடாளுமன்றத்தின் வேலை.

கடையில் நின்றபடி செல்போனில் படித்தேன். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கூப்பிய கைகளாக வந்துகொண்டே இருந்தன. ஒருவர் சர்க்கரை மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மிச்சம் கொடுக்க மறந்துவிட்டேன், அவரே கேட்டு வாங்கினார்.

தமிழ் மலையில். அங்கே சிக்னல் இருக்காது, வீட்டுக்கு வந்ததும் நாமே சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜீப் டிரைவர் ரேடியோ போட்டிருந்தானாம்.

"நேத்து இல்லாதது இன்னிக்கும் இல்ல. அவ்ளோதானே? சோறு கீதா?" என்றாள்.

குளிக்கப் போனவள் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. கதவைத் தள்ளினேன். சாணி ஒட்டிய சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினேன். இன்னொரு சொம்பு. இன்னொன்று. அவள் முதுகு குலுங்கியது. தண்ணீரோடு தண்ணீராகப் போகட்டும் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்தபோது கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள். "டிவில இன்னமோ சொன்னாங்களே. அது உங்களுக்கா?"

"ஆமாம்மா."

"இல்லன்னுட்டாங்களா?"

"இல்லன்னுட்டாங்க."

அம்மா கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்தாள். "சரி. ரெண்டு அப்பளம் பொரி. அந்தப் பொண்ணுக்குப் புடிக்கும்."

அக்டோபர் 18, புதன்

இருவரும் வேலைக்குப் போனோம்.

நவம்பர் 11, சனி

பிரவின் வந்தான். அம்மாவைப் பார்க்க என்றான். செருப்பைக் கழற்றினான்.

நெல்லிவாசல்நாட்டில் ஜெபத்துக்காக சபை போட்ட தகரக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லித் தகராறாம். "அன்னிக்கு மேடையில என் தோள்ல கை போட்டான் பாரு, அவன்தான்க்கா முன்னால வந்து நின்னான். என்னைத் தெரியாத மாதிரி யாருன்னு கேக்கறான்." நம்பவே முடியாதவன் போல அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கட்சிக்காரர்கள் போனை எடுக்கவில்லையாம்.

'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று சொல்ல நாக்கு துடித்தது. தமிழ் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். விட்டுவிட்டேன். அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவன் குனிந்தபடி சாப்பிட்டான். "குழம்பு இன்னும் கொஞ்சம்" என்றான். யாரிடம் என்று சொல்லவில்லை. தமிழ்தான் ஊற்றினாள்.

நவம்பர் 26, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை, விளைச்சலை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாள். காலையில் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தமிழைப் பார்த்தாள். "எனக்குப் படி சரியாத் தெரியல. நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா." அந்தக் கண்ணோடு நேற்று அரிசியில் கல் பொறுக்கியவள்!

தமிழ் என்னைப் பார்த்தாள். ஆலயத்துக்கு நான் கூப்பிட மாட்டேன், இத்தனை வருஷம் கூப்பிட்டதில்லை. அவளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சு. முதலில் அம்மா, பிறகு தமிழ், பிறகு நான். கழுத்துகள் திரும்பின, திரும்பிய கழுத்துகளை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அவை மறுபடி நேராயின. ஜூடி எங்கள் பெஞ்சிலேயே வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிரசங்கத்தின் நடுவில்தான் கவனித்தேன். ஜூடியின் கணவர் அந்தப் பக்கம். என் தம்பி அந்தப் பக்கம், அவன் மனைவி இந்தப் பக்கம். போதகரின் மனைவி முன் பெஞ்சில் தனியாக. இந்த ஆலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்ட அத்தனை பேரையும் நடுவில் ஒரு பாதை விட்டுப் பிரித்து உட்கார வைத்திருக்கிறோம். முழங்கை உரச உட்கார்ந்திருந்த ஜோடி நாங்கள் மட்டும்தான். தமிழ் காதில் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா எங்கள் இருவர் தொடையிலும் கிள்ளினாள்.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைப் பொருட்கள் ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், ஒரு கோழி. ஏலம் விட்டவன் பிரவின். கோழியின் காலை இறுக்கிக் கட்டித் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருந்தான். தமிழுக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல அதை நேராப் புடிங்க" என்று கூட்டத்துக்குள்ளிருந்து அதட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள். பிரவின் கோழியை நேராகப் பிடித்தான். அவள் கையைத் தூக்கி விலை கேட்டாள். வேறு யாரோ ஏற்றினார்கள். விடவில்லை, மறுபடி கேட்டாள்.

"ஒரு தரம்" என்றான் பிரவின். "ரெண்டு தரம்." வாங்குகிறவர் யார் என்று எல்லாப் பொருளுக்கும் பேர் சொல்லித்தான் முடிப்பான். கோழியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"மூணு தரம். கோழி எங்க அக்கா வூட்டுக்கு."

பஸ்ஸில் கோழி தமிழின் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது. இப்போது மாடியில் கூடைக்குள் இருக்கிறது. வளர்ப்போம் என்கிறாள் தமிழ். குழம்பு வைப்போம் என்கிறேன் நான். வெகுநேரமாக வழக்கு ஓடுகிறது. கடைசியில் அம்மாவிடம் தீர்ப்பு கேட்டோம்.

"என்னை எதுக்குடி இழுக்கறீங்க?" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். "வூட்டுக்காரங்க நீங்க ரெண்டு பேரு. பேசி முடிவு பண்ணுங்க."